கையில் ஏழு எழுத்து: ஆங்கிலச் சொல் விளையாட்டுகளின் தனி அகராதி

ஸ்கிராபிள் போன்ற ஆங்கிலச் சொல் விளையாட்டுகளுக்கென்று ஒரு தனிச் சொற்களஞ்சியம் உண்டு. பேசவும் எழுதவும் பயன்படும் ஆங்கிலத்தை மனம் பொருளை வைத்துச் சேர்த்து வைக்கிறது. உணவுச் சொற்கள் ஒரு பக்கம், உறவுச் சொற்கள் ஒரு பக்கம், அலுவலகச் சொற்கள் ஒரு பக்கம். விளையாட்டுக்கான சொற்களோ எழுத்தை வைத்துப் பிரிகின்றன. இரண்டே எழுத்தில் முடியும் சொற்கள், யூ இல்லாமல் க்யூ வரும் சொற்கள், உயிரெழுத்தே இல்லாத சொற்கள், ஒரே ஏழு எழுத்தைக் கலைத்து அடுக்கினால் பிறக்கும் சொற்கள் என்பவைதாம் இங்கே பிரிவுகள்.

இலக்கியம் நிறையப் படித்தவர் இந்தக் களத்தில் தானாக வென்றுவிடுவதில்லை. ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொள்ளாத நாடுகளின் ஆட்டக்காரர்கள் உலகப் பட்டம் வென்றிருக்கிறார்கள். பட்டியல் பெரியது, ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு பிடிபட்டால், எந்தச் சொல்லை முதலில் படிப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்பது தெளிவாகிவிடும்.

இந்தக் கட்டுரையில் ஆங்கில எழுத்துகள் பெயர் சொல்லியே குறிக்கப்படுகின்றன. டாக்டரின் முதலெழுத்து டி, டேபிளின் முதலெழுத்து டீ. பஸ்ஸின் முதலெழுத்து பி, பேனாவின் முதலெழுத்து பீ.

நூறு டைல்களின் கணக்கு

ஸ்கிராபிளை உருவாக்கியவர் அமெரிக்காவின் பௌகீப்ஸி ஊரைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த அவர், திறமையும் அதிர்ஷ்டமும் சரிபாதி கலந்த ஓர் ஆட்டத்தை அமைக்க முயன்றார். முதலில் பிறந்தது பலகை இல்லாத ‘லெக்ஸிகோ’. 1938ல் குறுக்கெழுத்துப் புதிர்போலச் சொற்களைப் பின்னும் பலகை சேர்ந்து ‘கிறிஸ்-கிராஸ் வேர்ட்ஸ்’ ஆனது. விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. 1948ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமையைப் பெற்று, ‘ஸ்கிராபிள்’ என்று பெயர் மாற்றி, கனெக்டிகட் மாநிலத்தில் தயாரிக்கத் தொடங்கினார். 1949ல் 2,400 செட் செய்து 450 டாலர் நட்டப்பட்டார். அடுத்த ஐந்தாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. 1954ல் மட்டும் 40 லட்சத்துக்கு நெருக்கமான செட்டுகள் விற்றன.

ஆட்டத்தின் உயிர்நாடி, எந்த எழுத்துக்கு எத்தனை டைல் (எழுத்து பொறித்த சிறு கட்டை), எத்தனை புள்ளி என்ற கணக்கு. பட்ஸ் செய்தித்தாள்களின் முதல் பக்கங்களை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணினார். அதிகம் வரும் எழுத்துக்கு டைல் அதிகம், புள்ளி குறைவு. அரிதாக வரும் எழுத்துக்கு டைல் குறைவு, புள்ளி அதிகம். மொத்தம் 100 டைல்களில் இ எழுத்துக்கு 12, ஏ, ஐ இரண்டுக்கும் தலா 9, ஓ எழுத்துக்கு 8. என், ஆர், டீ ஆகியவை தலா 6. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஐந்துக்கும் தலா ஒன்றே ஒன்று. எழுத்தில்லாத வெற்று டைல் இரண்டு; அவற்றை எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம், புள்ளி கிடையாது. க்யூவும் இசட்டும் 10 புள்ளி, ஜேயும் எக்ஸும் 8 புள்ளி, கே 5 புள்ளி.

ஹெச் எழுத்து ஆங்கில உரையில் மிக அடிக்கடி வருகிறது. ஆனால் அதற்குக் காரணம் ‘த’, ‘தட்’, ‘திஸ்’, ‘ஹீ’ போன்ற சில சொற்கள் ஓயாமல் திரும்ப வருவதே. அகராதியைப் புரட்டினால் ஹெச் அவ்வளவாக இல்லை. ஸ்கிராபிளில் அதற்கு இரண்டே டைல், 4 புள்ளி. எஸ் எழுத்தின் கதையும் முக்கியம். அது நான்குதான். எஸ் தாராளமாகக் கிடைத்தால் எந்தச் சொல்லையும் பன்மையாக்கிப் புள்ளி சேர்த்துவிடலாம், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்பதால் பட்ஸ் அதை வேண்டுமென்றே குறைத்தார்.

ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தையும் கூட்டினால் 42 வருகிறது. ஏழு டைல் எடுத்தால் சராசரியாக மூன்று உயிரெழுத்து கையில் இருக்கும். சொல் படிக்கத் தொடங்குமுன் இந்த எண்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். எந்த எழுத்து கைக்கு அதிகம் வருகிறதோ, அந்த எழுத்துகளால் ஆன சொல்லே அதிகம் பயன்படும்.

எந்தச் சொல் செல்லும்?

வீட்டு ஆட்டங்களில் பெரும்பாலான சண்டை, ‘இப்படியொரு சொல் உண்டா?’ என்பதில்தான் தொடங்கும். போட்டிகளில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. அச்சிட்ட பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களுக்கான முதல் அதிகாரபூர்வ அகராதி 1978ல் வந்தது. பிரிட்டனில் வேறொரு பட்டியல் வளர்ந்தது. இரண்டு பட்டியல்களின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்களிலுள்ள ஏழு எழுத்துகளையும் கலைத்து அடுக்கி, இணைந்த பட்டியலுக்கு ‘சவ்பாட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று அதன் பெயர் காலின்ஸ் ஸ்கிராபிள் வேர்ட்ஸ். இந்தியா, இலங்கை, மலேசியா உட்பட உலகின் பெரும்பகுதி இதைத்தான் பின்பற்றுகிறது. இதன் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள் இருந்தன. அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் பட்டியல் இதைவிடச் சிறியது. இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சொற்கள்.

இந்த எண்களைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. ஒரு வினைச்சொல்லின் காலவடிவங்களும் பெயர்ச்சொல்லின் பன்மையும் தனித்தனியாக எண்ணப்படுவதால்தான் பட்டியல் இவ்வளவு நீள்கிறது. ஆள்பெயர், ஊர்ப்பெயர், சுருக்கெழுத்து, நடுவில் கோடோ மேற்குறியோ உள்ள சொல் ஆகியவை செல்லாது. ஒருவர் வைத்த சொல்லில் ஐயம் இருந்தால் எதிராளி ‘சேலஞ்ச்’ செய்யலாம். சொல் செல்லாதென்றால் வைத்தவர் டைல்களைத் திரும்ப எடுத்து, அந்த முறையை இழப்பார். சொல் சரியாக இருந்துவிட்டால், வட அமெரிக்க விதிப்படி சேலஞ்ச் செய்தவர் தன் முறையை இழப்பார். மற்ற இடங்களில் எதிராளிக்குச் சில புள்ளிகள் போகும். ஆகவே, செல்லாத சொற்களை அறிந்திருப்பதும் இந்தக் கல்வியில் பாதி.

பட்டியல் நிலையானதும் அல்ல. ‘செல்ஃபி’, ‘ஹாஷ்டாக்’ போன்ற சொற்கள் 2014ல் அமெரிக்க அகராதிக்குள் வந்தன. உலகமே சொல்லும் ‘ஓகே’ 2018-19ல்தான் இரண்டு பட்டியல்களிலும் நுழைந்தது. இனம், நிறம் முதலியவற்றை இழிவுபடுத்தும் வசைச்சொற்கள் 2020-21ல் நீக்கப்பட்டன. ஆங்கிலம் எங்கெங்கே சொல் வாங்கியதோ அதெல்லாம் இந்தப் பட்டியலில் தெரிகிறது. தமிழிலிருந்து போன கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர், மிளகுதண்ணீர் ஆகியவை ஆங்கில உருவில் செல்லும். அணைக்கட்டு ‘ஆனிகட்’ ஆகி காலின்ஸ் பட்டியலில் இருக்கிறது. இட்லியும் தோசையும் அதே பட்டியலில் உண்டு.

ஈரெழுத்துச் சொற்கள்: முதல் பாடம்

ஆட்டத்தை மாற்றும் சொற்கள் நீளமானவை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இரண்டெழுத்துச் சொற்களை. காலின்ஸ் 2019 பட்டியலில் இவை 127. வட அமெரிக்கப் பட்டியலில் 107.

இவற்றின் பயனை ஒரு சிறு உதாரணம் காட்டிவிடும். பலகையில் ‘ஹோம்’ என்ற சொல், ஹெச்-ஓ-எம்-இ என்று, இடமிருந்து வலமாக இருக்கிறது. கோடரியைக் குறிக்கும் ஏ-எக்ஸ்-இ கையில் இருக்கிறது. அதை எங்காவது குறுக்கே தனியாக வைத்தால் 1+8+1, ஆக 10 புள்ளி. அதையே ‘ஹோம்’ சொல்லுக்கு நேர் கீழே, ஹெச், ஓ, எம் மூன்றுக்கும் அடியில் ஒட்டி வைத்தால், மேலிருந்து கீழாக மூன்று புதிய சொற்கள் உருவாகின்றன. ஹெச்சின் கீழ் ஏ வந்து ‘ஹா’, 5 புள்ளி. ஓவின் கீழ் எக்ஸ் வந்து ‘ஆக்ஸ்’, 9 புள்ளி. எம்மின் கீழ் இ வந்து ‘மீ’, 4 புள்ளி. கோடரியின் 10 புள்ளியோடு சேர்த்து மொத்தம் 28. மூன்றே டைல்தான், சிறப்புக் கட்டங்களின் உதவிகூட இதில் இல்லை. இப்படி ஒட்டி வைப்பதற்கு ஈரெழுத்துச் சொற்கள் அத்தனையும் கைப்பாடமாக இருக்க வேண்டும்.

127 சொற்களை அகரவரிசையில் படித்தால் குழப்பம் வரும். குடும்பம் குடும்பமாகப் பிரித்தால் எளிது. மேற்கத்திய இசையின் சுரங்கள் ஒரு குடும்பம்: டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி ஏழும் செல்லும். கிரேக்க எழுத்துப் பெயர்கள் இன்னொன்று: மியூ, நியூ, பை, எக்ஸ்-ஐ என எழுதப்படும் க்ஸை. ஆங்கில எழுத்துகளின் பெயர்களே சொற்களாவது மூன்றாவது: இ-எஃப், இ-எல், இ-எம், இ-என், ஏ-ஆர் என்று எழுதினால் அவை எழுத்துப் பெயர்கள். வியப்பொலிகளும் அதட்டல்களும் நான்காவது: ஆ, ஓ, ஹ்ம், ஷ், உம், ஆய். பிறமொழியிலிருந்து வந்தவை ஐந்தாவது: ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைப் பாறையைக் குறிக்கும் ஏ-ஏ, வியட்நாம் நாணயமான எக்ஸ்-யூ, சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் க்யூ-ஐ.

இல்லாதவற்றையும் அறிய வேண்டும். வி எழுத்து உள்ள ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. சி எழுத்துக்கு காலின்ஸில் சி-ஹெச் மட்டும் உண்டு. வட அமெரிக்காவில் அதுவும் இல்லை. முன்னணியில் இருப்பவர் எதிராளிக்கு வழி அடைக்க நினைத்தால், வி உள்ள சொல்லைப் பலகையில் வைப்பார். அதன் பக்கத்தில் ஒட்டி வைப்பது கடினம்.

இவற்றுக்கு அடுத்த படி மூன்றெழுத்துச் சொற்கள். அவை ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பல பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சொற்கள் என்பதால் புதிதாகக் கற்க வேண்டிய சுமை அவ்வளவாக இல்லை.

பெரிய புள்ளி எழுத்துகள்

க்யூ கையில் வந்தவுடன் யூவைத் தேடுவது புதியவர்களின் வழக்கம். ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின் யூ வருவது நார்மானியப் பிரெஞ்சு எழுத்தர்கள் கொண்டுவந்த எழுத்துமுறை. பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் ‘குவீன்’ சொல்லைக்கூட சி-டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். அரபு, எபிரேயம், சீனம் போன்ற மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் க்யூ தனியாக நிற்கிறது. அரபு மொழியின் அடித்தொண்டை ஒலியான ‘காஃப்’ எழுத்தை க்யூவால் எழுதுவதே பெரும்பாலான சொற்களுக்குக் காரணம்.

இந்தப் பகுதியில் தமிழ் வாசகருக்கு ஓர் அனுகூலம் உண்டு. பக்கிரி என்று தமிழில் வழங்கும் ஃபக்கீர் எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் என எழுதப்படும். தலாக், புர்கா, நிகாப், காஜியைக் குறிக்கும் காதி, தொழுகைத் திசையான கிப்லா ஆகியவை யூ இல்லாத க்யூ சொற்கள். புர்காவில் யூ இருந்தாலும் அது க்யூவுக்குப் பின்னால் இல்லை. காலின்ஸில் வக்ஃப், கவ்வாலி இரண்டும் உண்டு. இந்தியச் செய்தித்தாள் படிப்பவருக்குப் பழகிய சொற்களே இவை. இவற்றோடு அரபு நாடுகளில் மெல்லும் இலையான காட், எபிரேய எழுத்தான கோஃப், விசைப்பலகையைக் குறிக்கும் குவெர்ட்டி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் க்யூ பயமுறுத்தாது.

மிக அதிகம் பயன்படுவது க்யூ-ஐதான். வட அமெரிக்கப் பட்டியலில் இது 2006ல்தான் சேர்ந்தது. எழுத்துப் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பக்கமும் க்யூ-ஐ அமைந்தால், ஒரு பக்கத்துக்கு 31 என மொத்தம் 62 புள்ளி. பீட்சாவின் பேச்சுவழக்குச் சுருக்கமான இசட்-ஏவுக்கும் இதே கணக்கு. பீட்சாவை முழுதாக வைக்க இரண்டு இசட் வேண்டும். பெட்டியில் இருப்பது ஒன்றே என்பதால் ஒரு வெற்று டைலைச் செலவழிக்க நேரும். இசட்டுக்கு காலின்ஸில் இசட்-ஓ, இசட்-இ என்ற இரண்டும் உண்டு. எக்ஸ் எழுத்து இன்னும் வசதியானது. ஏ, இ, ஓ மூன்றுக்கும் பின்னால் ஒட்டும். ஐ, யூ இரண்டுக்கும் முன்னால் ஒட்டும். ஐந்து உயிரெழுத்தில் எதன் பக்கத்திலும் நிற்பதால், பெரிய புள்ளி எழுத்துகளில் இதைப் போல எளிதில் இடம் கிடைக்கும் எழுத்து வேறில்லை. ஜே மட்டும்தான் சற்றுக் கடினம். ஜே-ஓ எல்லா இடத்திலும் செல்லும், ஜே-ஏ காலின்ஸில் மட்டும்.

உயிரெழுத்து பெருகினால், வற்றினால்

கையில் ஐந்தாறு உயிரெழுத்து சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடங்கிவிடும். அப்போது இரண்டு மூன்று உயிரெழுத்தை ஒரே முறையில் கழித்துவிட உதவும் சொற்களைத் தனிப் பட்டியலாக வைத்திருப்பார்கள். ஏ-ஏ, ஏ-இ, ஏ-ஐ, ஓ-இ, ஓ-ஐ ஆகியவை சிறியவை. ‘ஆடியோ’, பிரிவு வாழ்த்தான ‘அடியூ’, அச்சமூட்டுவதைக் குறிக்கும் ‘ஈரி’, ஹவாய்ச் செடியான ‘ஆலீ’, ஆஸ்திரேலியக் காடுகளில் கூவி அழைக்கும் ‘கூயீ’ ஆகியவை ஐந்தெழுத்துச் சொற்கள். ஒவ்வொன்றிலும் நான்கு உயிரெழுத்து. காலின்ஸில் ஆறெழுத்தும் உயிரெழுத்தாகவே அமைந்த ஒரு சொல் இருக்கிறது: இ-யூ-ஓ-யூ-ஏ-இ. இடைக்காலத் தேவாலயப் பாடலின் லத்தீன் முடிவு வரியிலுள்ள உயிரெழுத்துகளை மட்டும் எடுத்து இசைக்குறிப்பாக எழுதிய உருவம் அது.

மெய்யெழுத்து மட்டும் சேர்ந்துவிட்டால் ஒய் கைகொடுக்கும். ‘ரிதம்’, ‘நிம்ஃப்’, ‘லிங்க்ஸ்’, ‘கிரிப்ட்’, ‘மிர்’ எல்லாம் ஒய்யை உயிரெழுத்தாக வைத்து நிற்பவை. சூரியன், பூமி, நிலவு ஒரே கோட்டில் வருவதைக் குறிக்கும் ‘சிசிஜி’ சொல்லில் மூன்று ஒய். பெட்டியில் இருப்பது இரண்டு என்பதால் வெற்று டைல் இல்லாமல் அதை வைக்க முடியாது. ஒய்யும் இல்லையென்றால் வேல்ஸ் மொழி உதவும். அங்கே டபிள்யூ உயிரெழுத்து. பள்ளத்தாக்கைக் குறிக்கும் சி-டபிள்யூ-எம், பழைய நரம்பிசைக் கருவியான சி-ஆர்-டபிள்யூ-டீ-ஹெச் இரண்டும் அப்படி வந்தவை. ‘ஹ்ம்ம்’, ‘ஷ்ஷ்’, ‘ப்ஸ்ட்’, குளிரில் நடுங்கும் ‘ப்ர்ர்’ போன்ற ஒலிக்குறிப்புகளும் முறையான சொற்களே.

ஏழும் தீர்ந்தால் ஐம்பது

கையிலுள்ள ஏழு டைல்களையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். வட அமெரிக்காவில் இதற்கு ‘பிங்கோ’ என்று பெயர். தேர்ந்தவர்களின் ஆட்டத்தில் ஒருவருக்கே இரண்டு பிங்கோ அமைவது சாதாரணம். ஏழெழுத்துச் சொற்களும், பலகையிலுள்ள ஓர் எழுத்தையும் சேர்த்து அமையும் எட்டெழுத்துச் சொற்களும் பல்லாயிரம் இருக்க, எவற்றைப் படிப்பது என்ற கேள்விக்கு டைல் கணக்கே விடை சொல்கிறது. பெட்டியில் அதிகம் உள்ள எழுத்துகளால் ஆன சொற்களை முதலில் படிக்க வேண்டும்.

ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ ஏழும் ஒரே கையில் சேர்வதாக வைத்துக்கொள்ளலாம். இவற்றைக் கலைத்து அடுக்கினால் ‘ரீடெய்ன்ஸ்’, ‘ரெட்டினாஸ்’, ‘நாஸ்டியர்’, ‘ஸ்டெய்னர்’, ‘ஆன்ட்ஸியர்’, கொழுப்பில் உள்ள வேதிப்பொருளான ‘ஸ்டீரின்’, கிரேக்க நாட்டு ஒயினான ‘ரெட்சினா’ எல்லாம் கிடைக்கின்றன. ஏழும் தெரிந்தவருக்குப் பலகையில் எங்காவது ஓர் இடம் அமைந்துவிடும். ஒன்று மட்டும் தெரிந்தவர் இடம் இல்லாமல் திணறுவார்.

இதைப் படிக்கும் முறைகளில் ஒன்று ஆறெழுத்து அடிச்சொல். ‘சட்டயர்’ என்ற சொல்லின் ஆறு எழுத்துகளோடு ஏழாவதாக எது வந்தாலும் என்ன சொல் கிடைக்கும் என்று பழகுவார்கள். எல் வந்தால் ‘ரியலிஸ்ட்’, ‘ரீடெய்ல்ஸ்’. பீ வந்தால் ‘பைரேட்ஸ்’, ‘பார்ட்டீஸ்’. டபிள்யூ வந்தால் ‘வெயிட்டர்ஸ்’. டி வந்தால் ‘டைரேட்ஸ்’. எஃப் வந்தால் ‘ஃபேரஸ்ட்’. ஹெச் வந்தால் ‘ஹேஸ்டியர்’. இன்னொரு டீ வந்தால் ‘ஆர்ட்டீஸ்ட்’. நல்ல ஆறு எழுத்தைக் கையில் காத்து, ஏழாவதற்காக டைல் பையில் கை விடுவது இதனால்தான்.

மற்றொரு முறை, கையிலுள்ள எழுத்துகளை எப்போதும் அகரவரிசையில் அடுக்கிப் பார்ப்பது. எந்த வரிசையில் எடுத்தாலும் அதே ஏழு எழுத்து ஒரே தோற்றம் தரும். கண் பழகியவுடன் அந்தத் தோற்றமே சொற்களை நினைவுக்குக் கொண்டுவரும். மூன்றாவது, ஒட்டுகளைத் தனியே பிரித்து வைப்பது. ஐ-என்-ஜி, இ-ஆர், இ-டி, இ-எஸ்-டீ என்று முடியும் எழுத்துகள் கையில் இருந்தால் வலது ஓரம் தள்ளிவிட்டு, மிச்சத்தில் சொல் தேடுவார்கள். ஆர்-இ, யூ-என், ஓ-யூ-டீ, எம்-ஐ-எஸ் என்று தொடங்குபவை இடது ஓரம் போகும்.

போட்டிகளில் ஒரே சொல்லுக்குக் கிடைத்த மிக உயர்ந்த புள்ளியாகக் கருதப்படுவது 392. 1982ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னா என்பவர், மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் ‘கசீக்ஸ்’ என்ற எட்டெழுத்துச் சொல்லை சொல்லின் புள்ளியை மும்மடங்காக்கும் இரண்டு கட்டங்களை இணைத்து வைத்தார். அதில் க்யூவும் இசட்டும் சேர்ந்தே இருக்கின்றன.

ஓர் எழுத்தை மாட்டுவது

பலகையில் உள்ள சொல்லின் முன்னோ பின்னோ ஓர் எழுத்தைச் சேர்த்துப் புதிய சொல்லாக்குவதை ‘ஹூக்’ என்பார்கள். பின்னால் எஸ் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். முன்னால் சேர்ப்பதுதான் கண்ணுக்குத் தப்பும். ‘ஹோஸ்ட்’ முன் ஜி வந்தால் ‘கோஸ்ட்’. ‘ரேஞ்ச்’ முன் ஓ வந்தால் ‘ஆரஞ்ச்’. ‘எர்த்’ முன் ஹெச் வந்தால் அடுப்பங்கரையைக் குறிக்கும் ‘ஹார்த்’, டி வந்தால் பஞ்சத்தைக் குறிக்கும் ‘டெர்த்’. ‘லாஃப்டர்’ முன் எஸ் வந்தால் ‘ஸ்லாட்டர்’; சிரிப்பு படுகொலையாகிறது. பின்னால் சேர்ப்பதிலும் எஸ்ஸைத் தாண்டி யோசிக்கலாம்; ‘பாஸ்ட்’ பின்னால் ஏ வந்தால் ‘பாஸ்டா’, இ வந்தால் ‘பேஸ்ட்’, ஒய் வந்தால் ‘பேஸ்ட்டி’. ஒவ்வொரு சொல்லையும் அதன் ஹூக் எழுத்துகளோடு சேர்த்தே படிப்பது போட்டி ஆட்டக்காரர்களின் வழக்கம்.

மற்ற ஆட்டங்கள், மற்றத் தேவைகள்

எல்லாச் சொல் விளையாட்டுக்கும் ஒரே சொற்களஞ்சியம் போதாது. நியூயார்க்கில் வாழ்ந்த ஜாஷ் வார்டில் உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுவில் விட்ட ‘வேர்டில்’ ஆட்டத்தில் விடை ஐந்தெழுத்துச் சொல். சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து, சாதாரண மனிதருக்குத் தெரிந்த 2,300 சொற்கள் மட்டும் விடைகளாகப் பொறுக்கப்பட்டன. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. அபூர்வச் சொல் தெரிவதால் இங்கே பயனில்லை. எந்த எழுத்து எந்த இடத்தில் அதிகம் வரும் என்ற அறிவே வேண்டும். அந்த விடைப் பட்டியலில் முதலெழுத்தாக அதிகம் வருவது எஸ், கடைசி எழுத்தாக அதிகம் வருவது இ. ‘ஸ்லேட்’ நல்ல தொடக்கச் சொல் என்று பலரும் சொல்வதற்கு அதுவே காரணம்.

நியூயார்க் டைம்ஸின் ‘ஸ்பெல்லிங் பீ’ ஏழு எழுத்து தரும். நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும், சொல் நான்கெழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரே எழுத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம் என்பதால் ‘பனானா’, ‘டாட்டூ’, ‘கோக்கோ’ போல எழுத்து திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இங்கே மதிப்புப் பெறுகின்றன. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 1982 நவம்பர் 2 அன்று தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியாக வந்த ‘கவுன்ட்டவுன்’, போட்டியாளரையே உயிரெழுத்தா மெய்யெழுத்தா என்று கேட்டு ஒன்பது எழுத்து தருகிறது. அங்கே நீளம்தான் புள்ளி. ஸ்கிராபிளில் பொன்னான ஈரெழுத்துச் சொல் அங்கே செல்லாக்காசு.

இவற்றில் மூன்று ஆட்டங்கள் எஸ் விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஸ்கிராபிள் அதை நான்கு டைலில் நிறுத்தியது. வேர்டில், எஸ் சேர்த்துச் செய்த பன்மைகளை விடையாக வைப்பதைத் தவிர்த்தது. ஸ்பெல்லிங் பீ வழக்கமாக எஸ்ஸையே தருவதில்லை. எஸ் கிடைக்கும் இடத்தில் அதைச் சிக்கனமாகச் செலவழிப்பவரே நல்ல ஆட்டக்காரர்.

இணைய ஆட்டத்தில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கொல்கத்தாவின் ரஜத், ஜயந்த் அகர்வாலா சகோதரர்கள் செய்த ‘ஸ்கிராபுலஸ்’ ஃபேஸ்புக்கில் லட்சக்கணக்கானோரை ஈர்த்தது. உரிமைப் பிரச்சினையால் 2008ல் அது விலக்கப்பட, ‘லெக்ஸுலஸ்’ என்ற பெயரில் மாற்றியமைத்துத் தொடர்ந்தார்கள்.

பொருள் தெரியாமல் வென்றவர்

எழுத்து வழியே சொல் கற்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் சாட்சி. 2007ல் மும்பையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் மலேசியாவின் கணேஷ் ஆசிர்வாதத்தை இறுதியில் வென்று முதல் பட்டம் பெற்றார். பிறகு 2011, 2013, 2018, 2019 ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றார். 2015ல் பிரெஞ்சு மொழிச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. பிரெஞ்சுச் சொற்பட்டியலை ஒன்பது வாரத்தில் மனப்பாடம் செய்திருந்தார். 2024ல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானிய மொழி உலகப் பட்டத்தையும் அவ்வாறே வென்றார்.

தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயகோர்ன் 2003லும், பகோர்ன் நெமித்ரமான்சுக் 2009லும் உலகப் பட்டம் பெற்றார்கள். 2015ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வென்ற நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே, இந்தப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். கையில் பிங்கோ இருந்தாலும் அவசரப்படாமல், ஐந்தெழுத்துச் சொற்களை வைத்துப் பலகையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது நைஜீரிய ஆட்டக்காரர்களின் பாணி. இறுதி ஆட்டத்தில் அவருக்கு 36 புள்ளி தந்த ‘ஃபெல்ட்டி’ ஐந்தெழுத்துச் சொல்தான்.

கணினி இதில் மனிதரை முன்பே தாண்டிவிட்டது. பிரையன் ஷெப்பர்ட் எழுதிய ‘மேவன்’ 1998ல் முன்னணி ஆட்டக்காரர்களை வென்றது. இன்று ‘குவாக்கிள்’ என்ற இலவச மென்பொருளை வைத்துத் தங்கள் ஆட்டங்களை அலசிப் பார்ப்பதும், ‘ஜிஸிவா’ போன்ற மென்பொருளில் சொற்பட்டியல் பயில்வதும் போட்டி ஆட்டக்காரர்களின் அன்றாடப் பயிற்சி.

எந்த வரிசையில் கற்பது?

முதலில் ஈரெழுத்துச் சொற்கள் முழுவதும். அடுத்து க்யூ, இசட், எக்ஸ், ஜே உள்ள மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள். பிறகு உயிரெழுத்து பெருகும்போதும் வற்றும்போதும் உதவும் சிறு பட்டியல். அதன்பின் மூன்றெழுத்துச் சொற்கள் ஹூக்குகளோடு. இவ்வளவும் ஆன பிறகே ஆறெழுத்து அடிச்சொற்களிலிருந்து ஏழெழுத்துச் சொற்கள். நீளச் சொல்லில் தொடங்குபவர்கள் அதைப் பலகையில் பொருத்த இடம் தெரியாமல் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

பொருள் தெரியாமல் சொல் படிப்பது வெற்றிக்குப் போதும் என்றாலும், மாணவர்கள் அப்படிப் படிக்க வேண்டியதில்லை. பொருளோடு படித்த சொல் மறக்காது. எழுத்துப் பிழையும் குறையும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு அஞ்சும் பிள்ளை, ஏ-எக்ஸ்-இ வைத்து 28 புள்ளி எடுத்த அன்று அந்த மொழியோடு கொஞ்சம் உறவு கொண்டாடத் தொடங்கும். பள்ளிகளும் நூலகங்களும் ஒரு பலகையும் 100 டைலும் வாங்கி வைத்தால் போதும். நாளைக்கு ஐந்து சொல் வீதம் படித்தால், 127 ஈரெழுத்துச் சொற்களும் 26 நாளில் கைவந்துவிடும்.